காலிக் கட்டங்கள்

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ட்ரானவிக் குடா பச்சையானது. எஸ்கிலின் கணினித் திரையில்.

அந்த வரைபடத்தில் நாட்டின் கரையோரம் முழுவதும் நூற்றுச் சொச்சம் துண்டுகளாகக் கிடக்கும். நீலம் என்றால் மிக நன்று. பச்சை நன்று. மஞ்சள் சுமார். ஆரஞ்சு மோசம். சிவப்பு படுமோசம். டென்மார்க்கில் நீலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பச்சையையே விரல் விட்டு எண்ணிவிடலாம். ட்ரானவிக் இருபது ஆண்டுகளாக மஞ்சளில் கிடந்த குடா.

எஸ்கில் கணக்கை மூன்று முறை ஓட்டினான். மூன்று முறையும் பச்சை. பிறகு டப்பாவைத் திறந்து கறுப்பு ரொட்டியைத் தின்றான். அவனுக்கு வயது முப்பத்து நான்கு. இரண்டு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் அவனுக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ வந்து சேர்வதில்லை. செய்தியாக மட்டும் வரும்.

லிஸ்பெத்துக்கு அப்படி இல்லை. பிரிவின் தலைவி. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தாள்.

"பச்சையா? நெசமாவா?"

"மூணு தடவ ஓட்டிட்டேன்."

"அட, கொஞ்சம் சிரியேன்டா. உன் மூஞ்சியப் பாத்தா ஏதோ எழவு வீட்டுல..." நிறுத்திக்கொண்டாள். "ஐயோ, எஸ்கில். வாய் தவறிடுச்சு."

"பரவாயில்ல."

"நான் ஒரு கூறு கெட்டவ."

"பரவாயில்ல லிஸ்பெத். பச்சைதான்."

பச்சைக்கு ஒரு பொருள் உண்டு. குடாவைச் சுற்றிய வயல்களிலிருந்து எவ்வளவு உரம் தண்ணீருக்குள் இறங்கலாம் என்று அரசு ஒரு வரம்பு வைக்கும். குடா மஞ்சள் என்றால் வரம்பு இன்னும் இறுகும். பச்சை என்றால் இறுகாது, இருப்பது போதும். ஒரு முறை எழுதினால் ஆறு ஆண்டுகளுக்கு அதுதான் சட்டம். அறிக்கையை அனுப்பக் கடைசி நாள் வியாழன். வெள்ளிக்கிழமை ட்ரானவிக் ஊர் மன்றத்தில் அறிவிப்பு. லிஸ்பெத் அப்போதே ட்ரானவிக்கில் கேக்குக்குச் சொல்லிவிட்டாள்; சேதி ஊருக்குள் பரவிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வரவேற்பிலிருந்து மூன்று மேசை கைமாறி எஸ்கிலிடம் வந்து விழுந்தது.

"பச்சைன்னு போட்ட ஆபீசர் நீதானா?" கிழக்குரல். பின்னணியில் காற்று.

"கணக்குல வந்தது. நீங்க யாரு?"

"கோர்ம். ட்ரானவிக்குல வல போடுறவன். கணக்குல வந்துச்சாமே, கணக்கு. கணக்கு வந்து என் வலையில செத்துக் கெடக்குற மீனப் பாத்துச்சா?"

"புகார்னா அதுக்குத் தனியா ஒரு படிவம் இருக்கு..."

"படிவத்த நீயே வெச்சுக்க. உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்குமே, முங்கிப் பாக்குற பொண்ணு. வீபெ. அவகிட்டக் குடு. அவளுக்கு நான் சொன்னாப் புரியும்."

எஸ்கில் பேனாவைக் கீழே வைத்தான். "அவ இறந்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

மறுமுனையில் எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்படி?"

"மூளையில ரத்தக்கசிவு. காலையில எந்திரிச்சா. மத்தியானம் இல்ல."

"தண்ணியில இல்லியா?"

"இல்ல."

"நீ யாரு?"

"அவ புருஷன்."

பிறகு கிழவர் வேறொரு குரலில் பேசினார். "அப்ப நீ வா. நாளைக்குக் காலையில. ரப்பர் பூட்ஸ் இருக்கா?"

வீபெயின் பூட்ஸ் இருந்தது. அவன் காலுக்குச் சேராது. போகும் வழியில் ஒரு ஜோடி வாங்கினான்.

ஆறு ஆண்டு மணவாழ்க்கையில் தண்ணீர் அவளுடையது, எண்கள் அவனுடையவை. அவள் கோடை முழுவதும் குடாக்களில் மூழ்கிக் கடற்புல்லை அளப்பாள். குளிர்காலத்தில் அந்த அளவுகளை அவன் கணினியில் ஏற்றுவான்; ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அவை நிறங்களாகும். வீட்டில் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் குடாப் பேச்சு கூடாது. அதை அவன்தான் கேட்டு வாங்கினான். அவள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

கோர்ம் படகுத்துறையில் நின்றார். அறுபத்தாறு வயதுக்குத் திடமான ஆள். கை கொடுக்கவில்லை. எஸ்கிலின் காலைப் பார்த்தார்.

"புது பூட்ஸ்."

"ஆமா."

"விலைச்சீட்டு தொங்குது."

எஸ்கில் குனிந்து அதைப் பிய்த்தான்.

படகில் கிளம்பினார்கள். காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. முதல் வலைக்கு வருவதற்கு முன்பே அழுகிய முட்டை நாற்றம் வந்துவிட்டது. கோர்ம் வலையைத் தூக்கினார். தட்டை மீன்கள், விலாங்குகள், இரண்டு நண்டுகள். எதுவும் அசையவில்லை. சில வெளுத்து ஊதியிருந்தன.

"ஓடி வந்து வலையில பூந்துக்கிச்சுங்க. அடியில மூச்சு விட வழியில்ல, மேல ஏறி வந்துச்சுங்க. வந்த எடத்துல நான் வல வெச்சிருக்கேன். எந்தப் பக்கம் போனாலும் சாவுதான்." அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "உன் கேமராவ எறக்கு."

எஸ்கில் வீபெ பயன்படுத்திய கேமராவைக் கயிற்றில் இறக்கினான். சிறு திரையில் பழுப்புத் தண்ணீர், பிறகு இருள், பிறகு வெள்ளை. அடித்தரை முழுவதும் ஒரு வெள்ளைப் படலம், மடிப்புக் கலையாமல் துணி விரித்த மாதிரி. காற்றில்லாத சேற்றில் வளரும் ஒருவகைக் கிருமி அது. முங்குகிறவர்களும் மீனவர்களும் அதைப் பிணத்துணி என்பார்கள். அலுவலகத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. எஸ்கில் அந்த எண்ணை ஆயிரம் முறை தட்டியிருக்கிறான். பார்த்தது இன்றுதான்.

"உங்க படத்துல இது எந்தப் பச்ச?" என்றார் கோர்ம். "எலப் பச்சையா, கிளிப் பச்சையா?"

"இங்க புல்லு இருந்ததா?"

"நான் பொடியனா இருந்தப்ப துடுப்பு மாட்டிக்கும், அவ்வளவு புல்லு. போயி நாலு வருஷம் ஆச்சு. உள்குடா பூரா போச்சு. வெளிய, கடல் வாசல் பக்கம்தான் மிச்சம்."

"வீபெ இத அளந்தாளா?"

"என்ன கேள்வி இது? கடைசி ரெண்டு கோடையும் என் படகுலதான வந்தா. மேல வருவா, முகமூடியக் கழட்டுவா, ஒரு வார்த்த பேச மாட்டா. ஒக்காந்து எழுதுவா. ஈரக் கையோட எழுதிக்கிட்டே இருப்பா. ஒருநாள் கேட்டேன், யாருக்கும்மா இவ்வளவு எழுதுறன்னு. படிக்கிறவனுக்குன்னா." அவர் எஸ்கிலைப் பார்த்தார். "நீ படிக்கலியா?"

எஸ்கில் கேமராக் கயிற்றைச் சுருட்டினான். மதியத்துக்குப் பிறகு ஐந்து இடங்களில் கேமராவை இறக்கினார்கள். ஐந்திலும் வெள்ளை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் அவன் மட்டும்தான். நிறங்களை மூடிவிட்டு, அவற்றுக்கு அடியில் கிடந்த மூலப் படிவங்களைத் திறந்தான்.

ட்ரானவிக்கில் கரையிலிருந்து ஆழத்தை நோக்கிப் பதினொரு கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் புல் எத்தனை மீட்டர் ஆழம் வரை வளர்கிறது என்று பார்த்து ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். உரம் சேர்ந்தால் பாசி பெருகித் தண்ணீர் கலங்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெளிச்சம் இறங்கும், புல்லும் ஆழத்துக்கு இறங்கும். பதினொன்றின் சராசரி மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டினால் பச்சை.

பதினொரு கட்டங்களில் ஐந்தில்தான் எண் இருந்தது. ஆறு காலி.

கையேடு தெளிவாகவே இருந்தது. புல்லே இல்லாத கோட்டில் புல்லின் எல்லை என்று ஒன்று இல்லை, ஆகவே கட்டத்தைக் காலியாக விடவும். வீபெ காலியாக விட்டிருந்தாள். அவளுக்குப் பிறகு வந்த ஒப்பந்தக்காரர்களும் விட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் அதைத் தாண்டிப் போகும்படி கணினி நிரல் எழுதியது எஸ்கில். ஏழு ஆண்டுகளுக்கு முன், இதே மேசையில். அப்போது காலி என்றால் படகு பழுது, புயல், யாருக்கோ காய்ச்சல் என்று பொருள். அளக்காத இடம். செத்த இடம் காலியாக வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

உள்குடாவின் ஆறு கோடுகளில் புல் எப்போதும் ஆழம் குறைவு. அவைதான் சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தன. அவை செத்ததும் கணக்கிலிருந்து கழன்றன. மிஞ்சிய ஐந்தின் சராசரி மூன்று எண்பது. மோசமாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பள்ளியை விட்டு நின்றால் வகுப்பின் மதிப்பெண் ஏறுவது மாதிரி குடா ஏறியிருந்தது. இன்னும் இரண்டு கோடுகள் செத்தால் நீலம்கூட வரலாம்.

படிவத்தின் வலது ஓரத்தில் குறிப்புகளுக்கு ஒரு நீண்ட கட்டம். நிரல் அதைப் படிக்காது. அதுவும் அவன் முடிவுதான். முங்குகிறவர்கள் அங்கே கண்டதையும் எழுதுவார்கள், கடல்நாய் ஒன்று முறைத்தது, காப்பி கொட்டிவிட்டது என்று. எஸ்கில் அந்தக் கட்டத்தை முதல்முறையாக விரித்தான்.

கோடு மூன்று: புல் இல்லை. சேறு.

கோடு நான்கு: புல் இல்லை. வேர் மட்டும் மிச்சம், கருத்துவிட்டது.

கோடு ஐந்து: புல் இல்லை. பிணத்துணி, கண்ணுக்கு எட்டியவரை.

அடுத்த கோடையிலும் அதே கோடுகள். கோடு ஆறில் மட்டும் கூடுதலாக ஒரு வரி. 'எஸ்கில், மேசையில் பேசக் கூடாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டம் காலி இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.'

அவன் அதை ஒரு முறை படித்தான். மறுமுறை படிக்கவில்லை. ஆறு கட்டங்களிலும் பூஜ்யம் என்று தட்டிக் கணக்கை ஓட்டினான். ஒன்று எழுபத்து மூன்று. ஆரஞ்சு. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பிறகு மற்ற குடாக்களைத் திறந்தான். பத்து மணிக்குள் இன்னும் ஒன்பது குடாக்களில் அதே காலிக் கட்டங்கள் கிடைத்தன.

லிஸ்பெத் நின்றபடியே கேட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நெச்சயமா?"

"நேத்துப் போயிப் பாத்தேன்."

"அறிக்கை நேத்தே போயிடுச்சு எஸ்கில்."

"இன்னிக்குத்தான கடைசி நாள்?"

"நல்ல சேதிய எதுக்குப் புடிச்சு வெச்சுக்கணும்னு அனுப்பிட்டேன். நீ லீவு போட்டிருந்த. அமைச்சகத்துல கையெழுத்தாகி, சட்ட வரைவுல ஏறியாச்சு."

"திரும்ப வாங்குங்க. இன்னிக்கே. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"எத? ட்ரானவிக்க மட்டுமா? உன் நிரல்தான எல்லாக் குடாவுக்கும்? ஒண்ணத் திரும்பக் கேட்டா, மிச்சம் நூத்துச் சொச்சத்தையும் எடுத்துட்டு வான்னுவாங்க. திட்டம் ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். அது வரைக்கும் எந்தக் குடாவுக்கும் வரம்பு இறுகாது. மஞ்சள், ஆரஞ்சுன்னு சரியா வந்திருக்கே, அதுங்களுக்கும்தான். அது உனக்குச் சம்மதமா?"

அவள் சொன்னது பொய் இல்லை.

"ட்ரானவிக் செத்துடும்," என்றான். "வரம்பு இறுகலன்னா வாசல்ல இருக்குற அஞ்சு கோடும் போயிடும். ஆறு வருஷம் தாங்காது."

லிஸ்பெத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். "ஒண்ணு பண்ணலாம். நீ துக்க லீவுல இருந்தப்ப வேற யாரோ பாத்ததுல நடந்த தவறுன்னு ஒரு குறிப்பு எழுதலாம். அடுத்த திட்டத்துல திருத்திக்கலாம். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப நடக்கல. அதுக்கு ரொம்ப முன்னாடி. அவ உயிரோட இருந்தப்பவே."

"தெரியும்டா. உன்னக் காப்பாத்தப் பாக்குறேன்."

"காப்பாத்த வேண்டியது என்னையில்ல லிஸ்பெத்."

அவள் அமைச்சகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் எதிரிலேயே பேசினாள், நேர்மையாகவே பேசினாள். இருபது நிமிடம். வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்தில் எழுபது பேர் இருந்தார்கள். கேக்கின் மேல் மார்சிபன் என்ற பச்சைப் பாதாம் பூச்சு, அதில் சின்னக் காகிதக் கொடிகள். உழவர் சங்கத்தின் ஹோல்கர் கத்தியோடு நின்றார்.

"நாங்க போட்ட ஒரத்துல குடாவே பச்சையாயிடுச்சு பாத்தீங்களா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடைக்கரைகளில் உரம் வடியாதபடி உழாமல் புல்பட்டை விட்டு, தன் நிலத்தில் ஒரு பங்கை இழந்தவர். அவருக்குச் சிரிக்க உரிமை இருந்தது.

எஸ்கில் எழுந்து முன்னால் போனான். லிஸ்பெத் தடுக்கவில்லை. அவன் தாளைப் பார்த்துப் படித்தான். ஆறு கோடுகளில் புல் இல்லை. என் நிரல் அந்த ஆறையும் விட்டுவிட்டது. சரியான நிறம் ஆரஞ்சு. தவறு என்னுடையது. இவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

ஹோல்கர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப நாங்க எதுவும் தப்புப் பண்ணல. தப்பு உன்னோடதுதான்?"

"ஆமா. என்னோடது."

"திட்டம் மாறுமா?" என்று ஹோல்கர் லிஸ்பெத்தைக் கேட்டார்.

லிஸ்பெத் எழுந்தாள். "திட்டம் மாறாது. எஸ்கில் சொன்னத அடுத்த சுற்றுல எடுத்துக்குவோம்." எஸ்கிலைப் பார்த்தாள். "அவருக்கு இது கஷ்டமான காலம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் குடாவ வருஷக்கணக்கா அளந்தது அவரோட மனைவி. வீபெ."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எஸ்கில் அறையைப் பார்த்தான். கோபத்தோடு நிமிர்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. சிலர் தலையை ஆட்டிக்கொண்டார்கள், இப்போது எல்லாம் புரிந்துவிட்டது என்பது போல. ஆறு பூஜ்யங்களும் மனைவியை இழந்த ஒருவனின் துக்கமாக மாறுவதை அவன் நின்று பார்த்தான். அதை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று தெரியவில்லை. நிறங்களைத் திருத்தலாம். இதற்கு அவனிடம் நிரல் இல்லை.

ஹோல்கர் வந்து அவன் தோளைத் தொட்டார். "என் மகளும் அந்த வயசுதான்பா," என்றார். ஓர் அம்மாள் ஒரு தட்டைக் கையில் திணித்தாள். அதில் பெரிய துண்டு, ஓரத் துண்டு, மார்சிபன் அதிகம் உள்ளது.

கோர்ம் வாசலில் பூட்ஸோடு நின்றிருந்தார். எஸ்கில் தட்டோடு வெளியே வந்தான்.

"கேட்டீங்களா?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

"நான் சரியாச் சொல்லலியா?"

"சரியாத்தான் சொன்ன." கிழவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தம்மா வீபெ பேரச் சொன்னதும் எனக்கும் உன் மேல பாவமாப் போச்சு. அதுக்கப்புறம் குடா எனக்கு ஞாபகமே வரல. எனக்கே வரல."

நவம்பரில் அமைச்சகத்தின் கடிதம் வந்தது, நன்றி தெரிவித்து. டிசம்பரில் திட்டம் சட்டமானது. கையேட்டில் ஒரே ஒரு வரியைத் திருத்தினார்கள், புல் இல்லாத கோட்டில் இனிப் பூஜ்யம் எழுத வேண்டும் என்று. மார்ச்சில் கோர்ம் வலைகளை விற்றார். இனி இது வெறும் பலகைதான் என்று சொல்லிப் படகை அலுவலகத்துக்கு நாள்வாடகைக்கு விட்டார். எஸ்கில் கணினியை விட்டுக் களப்பணிக்கு மாற்றல் கேட்டான். அதைப் பலரும் நல்ல அறிகுறி என்றார்கள்.

ஜூனில் அவர்கள் இருவரும் கோடுகளுக்குப் போனார்கள். நாள் நன்றாக இருந்தது. ஆலாப் பறவைகள் தலைக்கு மேல் கத்தின. ஆறு கோடுகளும் அப்படியே இருந்தன. ஏழாவது கோடு கடல் வாசலில் இருந்தது, போன ஆண்டு புல் இருந்த கோடு. எஸ்கில் கேமராவை இறக்கினான். ஆறு மீட்டர் ஆழம் வரை போனான். திரும்பக் கரைவரை வந்தான். மறுபடி போனான்.

"என்ன போடுற?" என்றார் கோர்ம்.

"பூஜ்யம்."

"அத எப்பப் பாப்பாங்க?"

"அடுத்த வரைபடம் போடுறப்ப. அஞ்சு வருஷம் ஆகும்."

"எனக்கு எழுபத்திரெண்டு ஆயிருக்கும்." அவர் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். இயந்திரம் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. "சரி, எழுது. நேரம் போவுது."

எஸ்கில் எழுதினான். குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தான். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. தாளைப் புரட்டினான். இன்னும் நான்கு கோடுகள் இருந்தன.